மாதா கோயில் தெரு வாய்க்கால்

வேலந்தாங்கல் பேரூராட்சியின் ஏழாவது வார்டு கவுன்சிலர் ஜெசிந்தா, பதவியேற்ற நாளிலிருந்து ஒரே விஷயத்தைத்தான் விடாமல் பேசிவந்தாள். ஏரி நிரம்பினால் உபரி நீர் போகிற வாய்க்காலைத் தூர்வாரி, இரண்டு பக்கமும் சுவர் கட்ட வேண்டும். தலைவர் கோதண்டபாணி ஒவ்வொரு கூட்டத்திலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். "நல்ல விஷயம்மா. அடுத்த கூட்டத்துல வச்சிக்கலாம்" என்பார். அதற்குள் டீ வந்துவிடும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர் அது. இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகையில் அடித்த புயலில் ஏரி வழிந்து, வாய்க்காலில் போக வேண்டிய தண்ணீர் மாதா கோயில் தெருவுக்குள் புகுந்தது. கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள்தான் அங்கே அதிகம். அரிசி, துணிமணி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் நனைந்து நாறிப்போயின. சனங்கள் கோயிலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஜெசிந்தாவின் தையல் மிஷின்கூட துருப்பிடித்து, புதிது வாங்க வேண்டியதாயிற்று.

அந்த மழையில் ஊர் மறக்காத ஆள் ஒருவன் உண்டென்றால் அது ஜெசிந்தாவின் தம்பி பிரான்சிஸ். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டிபன் கடை வைத்திருந்தான். அவனும் அவன் மனைவி லூர்துமேரியும் கடையிலிருந்த அரிசி, பருப்பு, எண்ணெய் அத்தனையையும் இடுப்பளவு தண்ணீரில் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, கோயில் வராந்தாவில் அடுப்பு மூட்டி, தண்ணீர் வடிகிற வரைக்கும் தெருவுக்கே சோறு போட்டார்கள். யாரிடமும் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

இந்த வருஷம் சித்திரையில், வாய்க்காலுக்கு அரசு பணம் ஒதுக்கிவிட்டதாகச் செயல் அலுவலர் மலர்விழி கூட்டத்தில் சொன்னாள். மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது அவளுக்கு. எதையும் சுற்றிவளைக்காமல் பேசுகிறவள்.

"வாய்க்கால் மேல இருக்கிற ஆக்கிரமிப்பை எல்லாம் எடுத்தாத்தான் வேலை ஆரம்பிக்க முடியும். மழைக்குள்ள முடிக்கலன்னா பணம் வேற ஊருக்குப் போயிடும்" என்றாள்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஜெசிந்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைய கவுன்சிலர் இனியவனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கோதண்டபாணி மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "முதல்ல அளந்து முடிக்கட்டும்மா. அப்புறம் சந்தோஷப்படு."

அடுத்த வாரம் சர்வேயர் வந்தார். ஏரி மதகிலிருந்து ஆரம்பித்து, கல் நட்டுக்கொண்டே வந்தார்கள். வேடிக்கை பார்க்கப் பெரிய கூட்டம். எட்டாவது வார்டு கவுன்சிலர் வெங்கடாசலத்தின் உரக்கடையை அடைந்தபோது, கடைக்கு முன்னால் லாரி நிற்பதற்காக அவர் போட்டிருந்த சிமெண்டு மேடை முழுவதும் வாய்க்கால் எல்லைக்குள் வந்தது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்துவிட்டாள்.

அதற்கடுத்து ஒரு பழக்கடையும் ஒரு பங்ச்சர் கடையும் அப்படியே எல்லைக்குள் வந்தன. அதற்கும் அடுத்தது பிரான்சிஸின் டிபன் கடை. சர்வேயர் நாடாவைப் பிடித்துக்கொண்டு கடைக்குள்ளேயே நுழைந்து, தோசைக்கல்லுக்குப் பின்புறம் போய் நின்றார்.

"இங்க வருதுங்க" என்றார்.

"கல்லாவை ஒட்டியா?" என்று பிரான்சிஸ் கரண்டியோடு கேட்டான்.

"கடை பூரா வருதுங்க."

பிரான்சிஸ் முதலில் சிரித்தான். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு முன்பு அங்கே சோடாக்கடை வைத்திருந்தவர் வாய்க்கால் மேல் கல்பலகை போட்டு, தண்ணீர் போக ஒரு குழாயை மட்டும் விட்டுவைத்திருந்தார். அவரிடமிருந்து பிரான்சிஸ் கடையை வாங்கியபோது கீழே ஏதோ வாய்க்கால் ஓடுகிறது என்று தெரியும். அது அவ்வளவு அகலம் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் குனிந்து பார்க்கவும் இல்லை. தெருவையே மூழ்கடித்த தண்ணீர் அந்த இடத்தில்தான் போக வழியில்லாமல் திரும்பியிருக்கிறது.

அன்று சாயந்திரம் வெங்கடாசலம் ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்தார். அதுவரை அந்தத் தெருப்பக்கம் அவர் எட்டிப்பார்த்ததுகூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"இதுல பேஜாரு ஒண்ணும் இல்லம்மா. என் மேடைக்கு முன்னாடியே வாய்க்காலைக் கொஞ்சம் வளைச்சி, உங்க தெருமுனையில விருத்தாசலம் வீட்டோரமா கொண்டாந்துட்டா, எனக்கும் நஷ்டமில்ல, உன் தம்பிக்கும் நஷ்டமில்ல. நான் தீர்மானம் கொண்டாறேன். நீ எழுந்து ஆதரிக்கிறேன்னு சொன்னா போதும்."

"ஓவர்சியர் ஒத்துக்குவாரா அண்ணே?"

"மன்றம் சொன்னா ஒத்துக்க மாட்டாரா?"

மறுநாள் காலை அவள் பேரூராட்சி வேலைகளை மேற்பார்க்கும் ஓவர்சியரைத் தேடிப்போய்க் கேட்டாள். அவர் தரையில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டினார். "வளைச்சா அந்த மூலையில தண்ணி தேங்கும் மேடம். சாதா மழைக்குத் தாங்கும். போன தடவை மாதிரி பேஞ்சா, மறுபடியும் தெருவுக்குள்ளதான் ஏறும். அதுவும் முதல்ல அந்தக் கூரை வீட்டுக்குள்ள."

கூரை வீட்டுக்காரர் விருத்தாசலம் கரும்பு வெட்டப் போகிறவர். விஷயம் அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. ஜெசிந்தாவை வழியில் பார்த்தபோது, "ஏம்மா, நம்ம பக்கமாவா கொண்டாறாங்க?" என்று மட்டும் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் நடந்துவிட்டாள். நடந்த பிறகு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெங்கடாசலத்தின் தீர்மானத்துக்காகக் கூட்டிய சிறப்புக் கூட்டத்துக்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் தம்பியின் கடைக்குப் போனாள். லூர்துமேரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிரான்சிஸ் ஒரு தட்டில் இட்லியும் வேர்க்கடலை அரைத்த மல்லாட்டைச் சட்னியும் வைத்து அக்காவிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நாளைக்கி வெங்கடாசலம் தீர்மானம் கொண்டாறாரு. நான் எதுத்துப் பேசப்போறேன், பிரான்சிஸ். மத்தவங்க சொல்லி உனக்குத் தெரியக்கூடாது. அதான் வந்தேன்."

அவன் தட்டை மெதுவாகக் கீழே வைத்தான்.

"உனக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாப் போனவன் நானு. கடையை மூடிட்டு போனேன். தெரியுமில்ல?"

"தெரியும்."

"மழையில சோறு போட்டது யாரு?"

"நீதான்டா. லூர்தும்தான்."

"அப்புறம் இன்னாக்கா? கொஞ்சம் வளைஞ்சா வாய்க்காலு செத்தா போயிடும்?"

"வளைஞ்சா விருத்தாசலம் வீட்டுல ஏறும். அப்புறம் நம்ம தெரு. மறுபடியும் நீ அரிசியைத் தூக்கிக்கினு கோயிலுக்கு ஓடுவ."

"அது வர்றப்ப பாத்துக்கலாம். இப்ப என் பொழப்ப இடிக்கிறதுக்கு நீயே கை தூக்குவியா?" அவன் தட்டை எடுத்து உள்ளே வைத்தான். "போக்கா. எழுந்து போ."

ஜெசிந்தா லூர்துமேரியைப் பார்த்தாள். லூர்துமேரி நிமிரவில்லை. அன்று பூராவும் ஜெசிந்தாவால் ஒரு ஜாக்கெட்டைக்கூட ஒழுங்காகத் தைக்க முடியவில்லை. தைத்த கையைப் பிரித்துப் பிரித்து மறுபடி தைத்தாள்.

கூட்டத்தில் வெங்கடாசலம் தன் தீர்மானத்தைப் பதமாகத்தான் சொன்னார். ஏழை வியாபாரிகளின் வயிற்றில் அடிக்கக்கூடாது என்றார். டிபன் கடை பிரான்சிஸ் புயலில் செய்த உதவியைப் பெருமையாகச் சொல்லி, அப்படிப்பட்டவனை நடுத்தெருவில் நிறுத்தலாமா என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள். கோதண்டபாணி ஜெசிந்தாவைப் பார்த்தார்.

அவள் எழுந்தாள். மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அண்ணன் சொன்னது அத்தனையும் நெஜம். என் தம்பி நல்லவன். ஆனா தண்ணிக்கு அது தெரியாதுங்க. அவன் கடை இருக்கிற இடத்துலதான் அது அடைபட்டு எங்க தெருவுக்குள்ள வந்துச்சி. வாய்க்கால் நேராத்தான் போகணும். முதல்ல அவன் கடையை எடுங்க. அப்புறம் மத்ததைப் பேசலாம்."

வாய்க்கால் நேராகவே போகட்டும் என்று இனியவன் கை தூக்கினான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். கடைசியில் வளைக்க வேண்டும் என்று நின்றவர்கள் வெங்கடாசலமும் அவருடைய பங்காளி ஒருவரும்தான்.

இனியவன் உட்காராமல் அடுத்ததைச் சொன்னான். கடை இழக்கிற எல்லோருக்கும் பஸ் நிறுத்தத்தின் மறுபுறம் பேரூராட்சிக்குச் சொந்தமாகக் கிடக்கும் காலி இடத்தில் கடை போட இடம் தர வேண்டும் என்றான். ஜெசிந்தா உடனே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"இதுல நான் இருக்கக்கூடாது. என் தம்பி சம்பந்தப்பட்டது. வெளியே நிக்கிறேன்."

"சட்டப்படியும் அதான் சரி" என்றாள் மலர்விழி.

தாழ்வாரத்தில் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் நின்றபடி, உள்ளே குரல்கள் உயர்வதையும் தணிவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சமயம் வெங்கடாசலத்தின் சத்தம் பெரிதாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவரே வெளியே வந்தார்.

"உள்ள போம்மா, இடம் குடுக்கறதா எழுதிட்டாங்க. நான்தான் வழிமொழிஞ்சேன்" என்றார் எரிச்சலாக. "நீ உன் தம்பி கடையை எடுக்கச் சொல்லிட்ட. நான் மேடைக்காக இன்னும் கத்திக்கினு இருந்தா என் வீட்லயே என்னை மதிக்க மாட்டாங்க."

ஜே.சி.பி. வந்தபோது பிரான்சிஸின் கடையில் இடிக்க ஒன்றும் இல்லை. தகரம், மரம், பலகை எல்லாவற்றையும் அவனே முதல் நாள் கழற்றி எடுத்துப் போயிருந்தான். கல்பலகையைப் பெயர்த்ததும் கீழே கறுப்புச் சேறும் அடைபட்ட குழாயும் தெரிந்தன. விருத்தாசலம் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புது இடத்தில் பிரான்சிஸ் கடை போட்டான். முதலில் வியாபாரம் மந்தம்தான். பிறகு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கமாக பஸ் ஏறுவதால் காலையில் கூட்டம் சேர்ந்தது. இதெல்லாம் ஜெசிந்தாவுக்கு லூர்துமேரி சொல்லித்தான் தெரியும். பிரான்சிஸ் அக்காவோடு பேசவில்லை. ஞாயிறு பூசையில் வேறு வரிசையில் உட்கார்ந்தான். லூர்துமேரி மட்டும் ஒருநாள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற சாக்கில் வந்து, "விடுங்க அண்ணி. அந்தத் தண்ணியில அடுப்பு மூட்டுனது நானும்தான். எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி வழிந்த அன்று தெருவே குடையோடு போய் வாய்க்கால் கரையில் நின்றது. சிவந்த தண்ணீர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, இரைந்துகொண்டு நேராகப் போனது. தெருவில் கணுக்கால் அளவு நின்ற மழைத்தண்ணீரும் மதியத்துக்குள் அதில் வடிந்துவிட்டது. விருத்தாசலம் வீட்டில் வழக்கம்போல உலை கொதித்தது. ஜெசிந்தா கூட்டத்தில் தம்பியைத் தேடினாள். அவன் வந்திருக்கவில்லை.

மழை விட்ட மறு வாரம் மாதாந்திரக் கூட்டம். கூட்டம் முடிந்து ஜெசிந்தா படியிறங்கும்போது பிரான்சிஸ் வாசலில் நின்றிருந்தான். கடை உடுப்போடு, தோளில் ஈரத்துண்டோடு. அவள் நின்றுவிட்டாள்.

"கவுன்சிலர் மேடம்" என்றான் விறைப்பாக. "எங்களுக்கு இடம் குடுத்தீங்க. சரி. தண்ணிக் குழாய் எங்க? மூணு கடைக்கும் நானும் லூர்தும் குடத்துல தூக்கிக்கினு கெடக்கிறோம். இது நாயமா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மனு எழுதிக் குடுங்க சார்" என்றாள்.

"எழுதறதுக்கெல்லாம் எனக்கு டைம் இல்ல. இட்லி ஊத்தவே நேரம் பத்தல. அதுக்குத்தான உன்னை உள்ள அனுப்பினோம்? போய்ச் சொல்லுக்கா, ஜல்தி."

ஜெசிந்தா திரும்பிப் படியேறினாள். மலர்விழி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். "மேடம், ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டாள் ஜெசிந்தா. "இது என் தம்பி விஷயம், நான் ஓட்டுப் போட மாட்டேன். ஆனா அடுத்த கூட்டத்துல கண்டிப்பா வைக்கணும்."