பட்டுப் பிரிவு வாசலில் ஒரு ஜோடி ஷூ

1

இந்தக் கதை ஒரு குதிகாலில் பிறந்தது. சத்தியம்! கழுத்து வலிக்காகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு அம்மாள், ஷூவுக்குள் வைக்கிற இன்சோல்களைக் கையில் ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் எழுதுவது துப்பறியும் கதை; இதில் கொலை இல்லை, கடத்தல் இல்லை. ஆனாலும் என் விரல்கள் பரபரத்தன.

2

முதல் வரி, முதல் முயற்சி:

[பட்டுப்புடவையில் ஒரு சொட்டு ரத்தம்...]

அடித்துவிட்டேன். பழக்கதோஷம்.

இரண்டாவது முயற்சி: கிளினிக்கில் பார்த்த அந்த அம்மாள், புஷ்பவள்ளி. சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடை, பட்டுப் பிரிவு. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நிற்கிற வேலை. தட்டைப் பாதம். அது உள்பக்கம் சாய, முட்டி கூடவே சாய, இடுப்பு ஒருபக்கம் இறங்க, ஆளே கோணல். படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி. முதலாளி ராஜாமணி கெடு வைத்துவிட்டார்: "தீபாவளி கூட்டத்துக்குள்ள சரியாவலன்னா வேற ஆளப் பாத்துக்குறேன் புஷ்பா."

3

"வலி கொறையும்னு சொன்னியே வினோதினி? ரெண்டு மாசமாப் போடுறேன், ஜாஸ்தியாதான் ஆவுது!"

"அக்கா, உங்க பாதத்த அச்செடுத்து செஞ்சது இது. வளைவத் தாங்கிப் பிடிக்கும், கணுக்கால் சாயாது. டெய்லி போடுறீங்கதானே?"

"போட்டுக்குனுதான் போறேன், போட்டுக்குனுதான் வரேன்!"

பிசியோ வினோதினி இன்சோலைத் திருப்பிப் பார்த்தார். புதுசு மாதிரியே இருந்தது. ரெண்டு மாசம் போட்டதில் குதிகால் தடம் இவ்வளவு லேசாகவா பதியும்?

துப்பு! உட்கார முடியவில்லை எனக்கு.

(இந்த இடத்தில் புஷ்பவள்ளியைப் பொய்க்காரியாக்கி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். வேலையே போகப்போகிற ஆள் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?)

4

மறுநாள் சிதம்பரம். கடையில் மாடி ஏறினேன். பட்டுப் பிரிவு வாசல். வாடிக்கையாளர்களின் செருப்புக் குவியலுக்கு நடுவே ஒரு ஜோடி வெள்ளை ஷூ. உள்ளே இன்சோல்!

எட்டிப் பார்த்தேன். மொசைக் தரையில், வெறுங்காலோடு, புடவை உதறிக்கொண்டிருந்தார் புஷ்பவள்ளி.

"ஷூ போட மாட்டீங்களா?"

"பட்டு இருக்குற எடம் சார். கல்யாணத்துக்கு எடுப்பாங்க. அங்க போய் செருப்போட நிக்கலாமா?"

ஆக, அந்த இன்சோல் தாங்கியதெல்லாம் பஸ் சீட்டில் உட்கார்ந்திருந்த காலை!*

* வினோதினி ஏன் இதைக் கேட்கவில்லை? அவர் செருப்பும் கிளினிக் வாசலில்தான் கிடந்தது. என்னுடையதும்.

வினோதினிக்கு போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, புஷ்பவள்ளியிடம் கொடுத்தேன். "அய்யோ அக்கா! நிக்கும்போதுதான் அது வேணும்!" என்று கத்தினார் வினோதினி. "தெருவே மிதிக்காத புது ஷூ ஒண்ணு வாங்கி, கடைக்குள்ள மட்டும் போடுங்க."

5

[வில்லன் ராஜாமணி முறுக்கு மீசையைத் தடவி...]

வரவில்லை. மனுஷன் வில்லனாக மறுக்கிறார். "புது ஷூவ மொதல்ல குடோன்ல போட்டு வேல பாரு" என்றுவிட்டார். குடோனில் வாடிக்கையாளர் கிடையாதே.

சில வாரம் கழித்து எனக்கு போன். "சார்! காலைல எறங்குனா ஆணி குத்தல சார்! பாதி வலி போயிடுச்சு! முட்டி நேரா நிக்குது. மொதலாளியே, என்னா புஷ்பா வளந்துட்டியான்னு கேக்குறாரு!"

வீட்டுக்குள்ளேயே ஒரு குதி குதித்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

ஆனால் பட்டுப் பிரிவு? "நான் ஒத்துக்குறேன் புஷ்பா," என்றாராம் ராஜாமணி. "முகூர்த்தப் பட்டு எடுக்க வரவங்க ஒத்துக்கணுமே? நாளைக்கு மொத பார்ட்டி மொகம் சுளிக்காம எடுத்துட்டா, தாராளமா போட்டுக்க. சுளிச்சா, என்னால முடியாது."

6

முடிவு ஒன்று: ராஜாமணி கண்கலங்கி... பெண்ணாடம் சர்க்கரை ஆலையில்கூட இத்தனை இனிப்பு கிடையாது. வேண்டாம்.

முடிவு இரண்டு: புஷ்பவள்ளி சம்பளக் கணக்கை முடித்துக்கொண்டு... எழுத மாட்டேன்.

மூன்றாவது என் கையில் இல்லை. ஷட்டர் ஏறிவிட்டது. முதல் பார்ட்டி மாடி ஏறி வருகிறது. நீங்கள்தான். வீட்டில் கல்யாணம். செருப்பை வாசலில் விடுகிறீர்கள். உள்ளே புஷ்பவள்ளி, மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுப்புடவையை விரித்துப் பிடித்து, நேராக நிற்கிறார்.

உங்கள் கண் புடவையிலிருந்து இறங்குகிறது. ஷூவில் நிற்கிறது.

ராஜாமணி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.