பஞ்சநதத்தின் தனி ஆவர்த்தனம்

பஞ்சநதத்தின் இதயம் ஆதி தாளத்தை விட்டுவிட்டதால், அவருடைய குடலிறக்க ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் ஆதி தாளத்துக்குத்தான் கத்தி வைப்பார்கள். மற்ற தாளங்களுக்கு சர்ஜன் கை பழகவில்லை.

மூன்றாம் முறை மாத்திரை கொடுத்து இதயத்தைச் சமாதானப்படுத்தி, அவரை மேஜையில் கிடத்தினார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. மயக்க மருந்து டாக்டர் வேதவல்லி தலைமாட்டில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சர்ஜன் தோலைக் கீறியதும் இதயம் ஒரு தரம் கனைத்துக்கொண்டு தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கிவிட்டது.

கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்க ஆரம்பித்தால் நம் ஜனங்கள் என்ன செய்வார்களோ, அதையே செய்தார்கள். சர்ஜன் கத்தியைக் கீழே வைத்தார். நர்சுகள் கையுறையைக் கழற்றினார்கள். எல்லோரும் காண்டீனுக்குக் கிளம்பினார்கள். சபாவில் எப்போதும் முதல் ஆளாக எழுந்து போகிற பஞ்சநதமும் எழப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை.

"எனக்கும் ஒரு காபி சொல்லிடுங்க."

"நீங்க எங்கயும் போகக் கூடாது சார்," என்றார் வேதவல்லி. "யாரும் கேக்கலேன்னா அது கோவிச்சுக்கிட்டு நிறுத்திடும். அப்புறம் நீங்க இல்ல."

"இந்தத் தாளக் கணக்கெல்லாம் நமக்குப் புரியாதேம்மா."

"புரியணும்னு அது எதிர்பார்க்கல. சும்மா கேளுங்க."

பஞ்சநதத்துக்குப் பயமாக இருந்தது. இத்தனை காலம் எத்தனை பேரை வாசிக்கவிட்டுக் காபிக்கு ஓடினோம் என்று வெட்கமாகவும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இதயம் எங்கெங்கோ அலைந்து, ஓரிடத்தில் நின்றேவிட்டது. மானிட்டரில் கோடு நீளமாகப் போய்க்கொண்டிருந்தது.

"சபாஷ்," என்றார் பஞ்சநதம்.

இதயம் உச்சி குளிர்ந்து, வாசிப்பை முடிக்கிற தீர்மானத்தை மூன்று முறை வைத்து, கச்சிதமாக ஆதி தாளத்தில் வந்து இறங்கியது. வேதவல்லி கைதட்டினார். சர்ஜன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, கைகழுவி, மிச்ச வேலையை முடித்தார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று சர்ஜன் அவர் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். உள்ளே சத்தமே இல்லை.

"எங்க காணோம்?"

"வயிறு தனி வாசிக்க ஆரம்பிச்சிடுச்சு டாக்டர். அதான் இதயம் காண்டீனுக்குப் போயிருக்கு," என்றார் பஞ்சநதம்.

"காபியில சர்க்கரை போட வேண்டாம்னு சொல்லிவிட்டீங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டே சர்ஜன் டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.