ஒப்பீட்டு அறையின் குடுவைகள்

குட்டிகள் குறைந்திருப்பதைக் கண்டபோது மூத்தவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகித்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் எண்ணினாள். ஒரு தடவைக்கு இருபதுக்குக் குறையாமல் ஈனும் தாய், இம்முறை பதினொன்றுதான் ஈன்றிருந்தது. பக்கத்துக் குடுவையில் அதையும்விடக் குறைவு.

அவள் வளர்த்தவை நீர்த்தெள்ளுகள். கடுகில் பாதி அளவே இருக்கும் அந்த உயிர்களுக்குக் கண்ணாடி போன்ற உடல். நுண்ணோக்கியில் வைத்தால் துடிக்கும் இதயமும், முதுகுப் பையில் அடுக்கிய முட்டைகளும் தெளிவாகத் தெரியும். ஆணின் துணையின்றியே அவை பெற்றுப் பெருகும். மாப்பிள்ளை தேடும் கவலை இல்லாத குடும்பம் என்று ஆய்வகத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இவ்விடத்தில் ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. ஆய்வகத்தில் அடுத்தடுத்து இரண்டு அறைகள் இருந்தன. முதல் அறையில், ஈயப் பெட்டிக்குள், கதிர்வீச்சை உமிழும் கதிர்மூலம் இருந்தது. பெட்டியின் ஒரே வாய்க்கு எதிரே குடுவைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வாய்க்கு அருகில் இருந்த தாய்கள் குறைவாக ஈன்றன. தொலைவு கூடக்கூடக் குட்டிகளும் கூடின. கதிர்வீச்சு இனப்பெருக்கத்தை எவ்வளவு குறைக்கிறது என்பதை அறிவதுதான் அங்கு நடந்த ஆராய்ச்சி. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது ஒப்பீட்டு அறை. கதிரே படாத தெள்ளுகள் இங்கே வளர்ந்தன. இவை எத்தனை ஈனுகின்றன என்று தெரிந்தால்தான், அங்கே எத்தனை குறைந்தது என்று சொல்ல முடியும்.

ஆகவே ஒப்பீட்டு அறையைக் கோயில் கருவறை போலக் காத்தார்கள். வெளிப்பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாது. வெள்ளை அங்கியைக் கூட வாசலில் உள்ள கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அணிந்தவர் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்பதைக் காட்ட அங்கியின் பையில் குத்தியிருக்கும் கதிர்ப் பதிவு வில்லையும் அதோடு வெளியிலேயே தொங்கும். கதிர் அளக்கும் கருவியோடு தாழ்வாரமெல்லாம் சுற்றிவரும் பாதுகாப்பு அதிகாரியும், அந்த வாசலில் மட்டும் மரியாதையாக நின்று திரும்பிவிடுவார்.

அந்த அறையில்தான் இளையவள் உட்கார்ந்திருந்தாள்.

மூத்தவளின் உடன்பிறந்த தங்கை அவள். எண்ணிக்கைகளைக் கணினியில் ஏற்றும் வேலை. நான்காம் மாதம். பொது அறையில் ஆறு பேர் நடுவே, மருந்து நெடியில், வாந்தியை அடக்கிக்கொண்டு அவள் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், மூத்தவள்தான் ஆய்வகத் தலைவரிடம் பலமுறை வேண்டி, ஒப்பீட்டு அறையில் ஒரு மேசை போட அனுமதி வாங்கினாள். குளிர்ச்சி, அமைதி, நல்ல காற்று. கட்டடத்திலேயே இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று அவள் சொன்னதை எவரும் மறுக்கவில்லை.

குறைவு தொடர்ந்தது. வெப்பநிலை இருபது டிகிரியிலிருந்து ஒரு புள்ளி நகர்ந்தாலும் தாளித்துவிடுவார் என்பதால் 'இருபது' என்று பெயர் பெற்றிருந்த தலைவர், மூத்தவளை அழைத்துப் பேசினார். தீனியாகும் பாசி கெட்டிருக்கலாம், தண்ணீரில் குளோரின் இருக்கலாம் என்றார். பிறகு, "உங்க தெள்ளுங்க சங்கம் வச்சு வேலைநிறுத்தம் பண்ணுதா, இல்ல நீங்க எண்ணுறதுல நிறுத்தமா?" என்று கேட்டார். அவள் குடுவைகளிடம் திரும்பி வந்தாள்.

பாசியை மாற்றினாள். தண்ணீரை மாற்றினாள். பயனில்லை. கடைசியில் மாடியிலிருந்த வேறோர் ஆய்வகத்திலிருந்து இளம் தெள்ளுகளைக் கடனாக வாங்கி, பாதியை அங்கேயே விட்டுவிட்டு, பாதியைக் கீழே கொண்டுவந்து வளர்த்தாள். தண்ணீரும் ஒன்று, தீனியும் ஒன்று.

இளையவளுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. மேசையிலிருந்தபடியே அக்காவைச் சீண்டுவாள்.

"ஆயிரம் பிரசவம் பாத்த கையின்னு உன்னை நம்பி இருக்கேன். நீ என்னடான்னா தெள்ளுகிட்டயே தோத்துட்டு நிக்கிற."

"வாயை மூடிட்டு வேலையைப் பாருடி. உனக்குப் பிரசவம் பாக்க நான் வரவே மாட்டேன்."

"வராம எங்க போவ? பேரு வைக்கிற உரிமை எனக்குத்தான்னு சண்டை போட்டது யாரு?"

மாடியில் விட்ட தெள்ளுகள் குறைவில்லாமல் ஈன்றன. கீழே கொண்டுவந்தவை குறைவாகவே ஈன்றன. அப்படியானால் குறை தீனியிலும் இல்லை, நீரிலும் இல்லை, அறையில்தான் இருக்கிறது. மூத்தவள் மனம் அதற்கு மேல் ஓடவில்லை. ஏதோ ஒரு எண்ணத்தில், அன்றைய எண்ணிக்கையை நாள் வரிசையில் எழுதாமல், குடுவைகள் அடுக்கில் நிற்கும் வரிசையிலேயே எழுதிப் பார்த்தாள். அடுக்கு, சுவரில் தொடங்கி அறைக்குள் நீண்டிருந்தது. சுவரோரக் குடுவையில் நான்கு. அடுத்ததில் ஏழு. பிறகு பதினொன்று. கதவருகே பதினெட்டு.

பேனா நின்றுவிட்டது.

இந்தப் படிக்கட்டு அவளுக்கு மனப்பாடம். சுவருக்கு அந்தப் பக்கம், கதிர்மூலத்தின் எதிரே உள்ள குடுவைகளில் அவள் அன்றாடம் பார்க்கும் ஏற்றம் அதுவே.  பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தலையை நிமிர்த்திப் பார்த்தாள். தங்கையின் நாற்காலிக்கு நேரே, அவள் வயிற்றின் உயரத்தில் நின்றது அந்தப் பதினொன்று ஈன்ற குடுவை.

 எப்படி எழுந்தாள், எப்படித் தாழ்வாரத்தின் கோடி வரை போனாள் என்பது அவளுக்கே தெரியாது. பாதுகாப்பு அதிகாரியின் மேசையிலிருந்த அளவுகருவியை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துக்கொண்டு நடந்தாள். அங்கியைக் கழற்றாமல், எதையும் கொக்கியில் மாட்டாமல், ஒப்பீட்டு அறையின் வாசலைத் தாண்டினாள். கருவி இரண்டு மூன்று முறை தயங்கி ஒலித்தது. பிறகு பொரியும் எண்ணெய் போல விடாமல் பொரியத் தொடங்கியது.

இளையவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அங்கியோட உள்ள வந்துட்ட. இருபது பாத்தா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு."

"எழுந்திரு."

"என்னக்கா அது சத்தம்?"

"எழுந்திருடி. எதையும் எடுக்காதே. வெளியே வா."

பின்னாலேயே ஓடிவந்த அதிகாரி அடுத்த அறைக்குள் நுழைந்து கதிர்மூலத்தின் வாயை மூடினார். ஓசை அடங்கியது. விஷயம் அரைமணி நேரத்தில் விளங்கிவிட்டது. ஏழு வாரங்களுக்கு முன் புதிதாக ஒரு வரிசைக் குடுவைக்கு இடம் வேண்டுமென்று ஈயப் பெட்டியைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். அதன் வாய் ஒப்பீட்டு அறையின் சுவரைப் பார்த்தது. கதிரைத் தடுக்கும் ஈயக் கற்களோ, வாய் முன்பு பார்த்திருந்த சுவரோரமாகவே அடுக்கியபடி நின்றன. திருப்பிய பின் கதவில் அளந்தார்கள், தாழ்வாரத்தில் அளந்தார்கள், மாடியிலும் அளந்தார்கள். ஒப்பீட்டு அறைக்குள் மட்டும் அளக்கவில்லை. அங்கே கருவியைக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அவ்விதியை எழுதியவர் தலைவர். அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார், எவரையும் கடிந்துகொள்ளவில்லை.  வாசலில் இளையவளின் அங்கி அமைதியாகத் தொங்கியது. அதன் வில்லை மாதந்தோறும் சோதனைக்குப் போய், கதிர் படவில்லை என்றே திரும்பி வந்திருந்தது.

மறுநாள் மருத்துவமனையில் அதிகாரி தாம் கணக்கிட்ட அளவை மருத்துவரிடம் கொடுத்தார். தெள்ளுகள் இரவும் பகலும் அங்கேயே இருந்தவை, இவர் பகலில் சில மணி நேரம் மட்டுமே இருந்தவர் என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். கருவைக் கலைக்கும்படி தாம் சொல்லக்கூடிய அளவு இது இல்லை என்று மருத்துவர் கூறினார். ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடக்கூடிய அளவும் அல்ல என்பதையும் அவர் மறைக்கவில்லை. வயிற்றை ஒலியலையால் படமெடுத்துப் பார்த்தார்கள். இதயம் ஒழுங்காகத் துடித்தது. தலையும் கைகால்களும் மாதத்துக்கேற்ற அளவில் இருந்தன. மீதியைப் பிறந்த பிறகுதான் அறிய முடியும்.

வெளியே பெஞ்சில் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, தான் மனத்துக்குள் கோத்து வைத்திருந்த ஆறுதலை ஒவ்வொன்றாகச் சொன்னாள். இளையவள் கேட்டதாகத் தெரியவில்லை.

"எனக்கு நேரா இருந்த குடுவையில எத்தனை?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சொல்லுக்கா. உனக்குத் தெரியும்."

"பதினொண்ணு. வழக்கத்துல பாதி."

இளையவள் தரையைப் பார்த்தபடி இருந்தாள். "அந்தப் பதினொண்ணும் எப்படி இருந்துச்சு? நல்லா நீந்துச்சா?"

 இத்தனை ஆண்டுகளில் மூத்தவள் இத்தனை ஆயிரம் குட்டிகளை எண்ணியிருக்கிறாள். இந்தக் கேள்வியை அவளிடம் எவரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

"பாக்கலைடி. எண்ணி முடிச்சதும் கொட்டிடுவோம்."

தங்கை தன் கையை மெல்ல அவள் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். 

அன்று மாலையே மூத்தவள் ஆய்வகத்துக்குத் திரும்பினாள். ஒப்பீட்டு அறைக் குடுவைகளை மாடிக்கு மாற்றியிருந்தார்கள். தங்கைக்கு நேரே இருந்த குடுவையைத் தேடி எடுத்தாள். அதன் தாய் மறுபடியும் ஈன்றிருந்தது. இம்முறை அவள் எண்ணவில்லை. குட்டிகளைக் குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி, புது நீர் நிரப்பிய குடுவையில் விட்டு, பாசியும் ஊற்றினாள். பிறகு விளக்கை அருகே இழுத்து வைத்துக்கொண்டு, அவை நீந்துகின்றனவா என்று பார்க்க உட்கார்ந்தாள்.