ஆய்வுக் குழுவில் தாய்மாமன்

காரிலிருந்து இறங்கும்போதே பேராசிரியர் கைக்குட்டையைத் தேடினார். அரசுக் கல்லூரியில் காலம் காலமாக உயிர்வேதியியல் நடத்துகிறவர், எத்தனையோ பரீட்சை அறைகளில் புலி மாதிரி உலாவியவர், இன்று பரீட்சை எழுத வந்தவர் மாதிரி கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அக்கா மகள் இந்தத் தனியார் கல்லூரியில்தான் படிக்கிறாள். ரத்தப் பரிசோதனைக்கூடப் படிப்பு, கடைசி வருஷம். அவரோ இந்தக் கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பைத் தொடரலாமா, ரத்து செய்யலாமா என்று சொல்ல வந்திருக்கிறார். சொந்தக்காரர் படிக்கிற இடத்துக்கு ஆய்வுக்குப் போகக் கூடாது என்பது விதி. "என் அக்கா பொண்ணு அங்க இருக்கா, வேற ஆளைப் போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் மென்று விழுங்கிவிட்டார்.

இந்த ஏற்பாடே ஒரு விசித்திரம். பாடம் நடத்துவது கல்லூரி. பரீட்சை வைப்பதும் பட்டம் தருவதும் பல்கலைக்கழகம். ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கில் கல்லூரிகள். அத்தனைக்கும் மூச்சு இந்த இணைப்பில்தான் இருக்கிறது. இணைப்பு உண்டு என்றால் கல்லூரி, இல்லை என்றால் வெறும் கட்டடம். அதைப் பார்த்துச் சொல்ல வருகிறவர்களோ வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை, பெரும்பாலும் இன்னொரு கல்லூரியின் ஆசிரியர்கள். இன்றைக்கு இவர் அங்கே ஆய்வுக்குப் போனால், நாளைக்கு அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். அதனால் ஆய்வாளர்கள் பொதுவாகக் கண்ணில் கொஞ்சம் தூசி விழுந்தவர்களாகவே வருவார்கள்.

முந்தின நாள் அக்கா போனில் பேசியிருந்தாள்.

"டேய், நீ போறது நல்லதுதானேடா? வேற எவனோ போயி எதையாவது எழுதி வச்சா?"

"அக்கா, அங்க ஒழுங்கா இல்லேன்னா நானும் எழுதித்தான் ஆகணும்."

"எழுது, யார் வேணாங்கிறா? அவ பரிட்சை முடியட்டும், அப்புறம் எழுது. ரத்து பண்ணிட்டா பிள்ளைங்களை வேற காலேஜுக்கு மாத்துவாங்களாம், செய்முறை எல்லாம் மறுபடி முதல்லேருந்து பண்ணணுமாம். ஒரு வருஷம் போயிடும்டா. ஆஸ்பத்திரியில வேலைக்கு எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க ஒரு வருஷம் காத்திருப்பாங்களா?"

காத்திருக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். அக்கா வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்த வீடு இந்த ஒரு வேலையை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது.

குழுவில் அவரைத் தவிர இன்னொருவர்தான். அவர்தான் தலைவர். பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். ரத்தத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் போர்க்களங்களில் சிந்தியதுதான். நல்ல மனிதர், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

கல்லூரியின் தாளாளர் வாசலுக்கே வந்து இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். சந்தனக் கலர் சட்டை, ஓயாத சிரிப்பு. "வாங்க சார், நம்ம காலேஜுன்னு நெனச்சுப் பாருங்க" என்றார். பேராசிரியருக்குச் சுருக்கென்றது. தெரிந்துதான் சொல்கிறானோ?

பரிசோதனைக்கூடத்தில் புதுப் பெயின்ட் வாசனை குப்பென்று அடித்தது. மாணவிகள் வரிசையாக நின்றார்கள். எல்லார் வெள்ளை அங்கியிலும் கடையில் மடித்த மடிப்பு கலையவில்லை. மேஜைமேல் பளபளவென்று இயந்திரங்கள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரங்கள் இரண்டு இருந்தன, அவற்றைச் சொருக அந்தச் சுவரில் ஒரு பிளக் பாயின்ட்கூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்களே, இவர்கள் சோறுகூடப் போடாமல் மறைத்திருந்தார்கள்.

தலைவர் ஒரு குழாயைத் திறந்து கை கழுவினார். தொட்டிக்குள் விழுந்த தண்ணீர் அப்படியே கீழே கொட்டி அவருடைய ஷூவை நனைத்தது. தொட்டிக்கு அடியில் குழாயே இல்லை.

"பிளம்பர் நேத்து வரலை சார்" என்றார் தாளாளர், சிரிப்பை விடாமல்.

"அப்போ இத்தனை வருஷமா?" என்றார் தலைவர்.

தாளாளர் அவசரமாகத் திரும்பினார். "இது எங்க முதல் மாணவி சார். எது கேட்டாலும் பட் பட்டுன்னு பதில் சொல்லுவா. நீ வாம்மா!"

பேராசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்து நின்றவள் அக்கா மகள்தான். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அவள் மாமாவைப் பார்க்கவே இல்லை. யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்றாள்.

தலைவர் கேட்டதற்கெல்லாம் அவள் மனப்பாடமாகச் சொன்னாள். வாரம் இரண்டு நாள் செய்முறை உண்டு சார். எல்லா இயந்திரமும் இயக்கத் தெரியும் சார். சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாள் என்று பேராசிரியருக்குத் தெரிந்தது. அவள் உண்மை பேசும்போது கை இரண்டும் காற்றில் ஆடும். இப்போது அங்கிப் பைக்குள் கிடந்தன.

"சொன்னா போதுமா? ஏதாவது செஞ்சு காட்டட்டும்" என்றார் தலைவர். "சார், நீங்கதானே நிபுணர். ஒரு டெஸ்ட் குடுங்க."

தாளாளரின் முகத்தில் ஈயாடவில்லை. பேராசிரியர் நினைத்தால் வேறொரு மாணவியைக் கூப்பிடலாம். ஆனால் வேறொருத்தி தடுமாறினாலும் விழப்போவது எல்லார் தலையிலும்தான். அப்போது அவருக்கு ஒரு வழி தோன்றியது. தோன்றியதற்கே வெட்கமாகவும் இருந்தது.

ஊசியை எடுத்துத் தன் விரலிலேயே குத்திக்கொண்டார்.

"இது என்ன வகை ரத்தம்னு கண்டுபிடிம்மா."

அது அவளுக்குத் தெரியும். அக்காவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தவர் அவர். 'எனக்கும் மாமாவுக்கும் ஒரே குரூப், பி பாசிட்டிவ்' என்று அவள் தோழிகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டவள்.

அவள் ஒருமுறை, ஒரே முறை, நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு கண்ணாடித் தட்டில் மூன்று சொட்டு ரத்தம் வைத்தாள். நீலம், மஞ்சள், நிறமற்றது என்று மூன்று புட்டியிலிருந்து ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டுக் குச்சியால் கலக்கினாள்.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். பி பாசிட்டிவ் என்றால் மஞ்சள் மருந்திலும் நிறமற்ற மருந்திலும் ரத்தம் மணல் மணலாகத் திரள வேண்டும். எதிலும் திரளவில்லை. மூன்றுமே கலங்கல் போய்த் தெளிந்த சிவப்பாகிவிட்டன. ரத்தத்தில் வெறும் தண்ணீரைக் கலந்தால்தான் அப்படி ஆகும். பாவிகள், புட்டியில் கலர்த் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார்கள்!

"பி பாசிட்டிவ் சார்" என்றாள் அவள்.

தாளாளர் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார். தலைவர் பேராசிரியர் பக்கம் திரும்பினார். "சரிதானா சார்?"

பதில் சரி. சோதனை பொய். இந்த அறையில் அதைச் சொல்லக்கூடிய பெரிய மனிதர் அவர் ஒருவர்தான். நாளைக்கு ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத ஒருவரின் ரத்தம் இவள் கைக்கு வரும். அவர் இவளுக்கு மாமாவாக இருக்கமாட்டார். தப்பான வகையை ஏற்றினால் ஆள் பிழைப்பதே கஷ்டம். எல்லாம் அவருக்குத் தெரியும். அக்காவின் முகமும் கண்முன் நின்றது.

"சரி" என்றார்.

குரல் அவருக்கே கேவலமாகக் கேட்டது. தலைவர் பேனாவைத் திறந்தார்.

"சார்." வாயாடி பேசினாள். அங்கிப் பையிலிருந்து கை வெளியே வந்துவிட்டது. "எனக்கு இதைப் பாக்கத் தெரியாது சார். இன்னிக்குத்தான் முதல் தடவையா செய்றேன்."

"சரியாத்தானேம்மா சொன்னே?"

"அவர் என் தாய்மாமா சார். அவர் ரத்தம் என்னன்னு எனக்கு முன்னாடியே தெரியும். வேணும்னா உங்க ரத்தத்தைக் குடுங்க. எனக்குச் சொல்லத் தெரியாது."

வரிசையில் யாரோ ஒருத்தி "ஐயோ, கெடுத்தியே" என்று முனகினாள். தாளாளரின் சிரிப்பு அன்றைக்கு முதல் தடவையாக நின்றது. தலைவர் நனைந்த ஷூவோடு பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"தாய்மாமனா?"

"ஆமாம் சார்" என்றார் பேராசிரியர். இதையாவது உண்மையாகச் சொல்ல முடிந்தது.

தலைவர் அறிக்கைத் தாளைப் பிரித்தார். இணைப்பை ரத்து செய்யும்படி எழுதினார். பேராசிரியரைப் பற்றியும் தனியாக எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார். இனி எந்தக் கல்லூரிக்கும் ஆய்வாளராக அவரை அனுப்ப மாட்டார்கள், விசாரணையும் வரும்.

அவள் கேட்டுக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். தோழிகள் ஒருத்தியும் அவளோடு பேசவில்லை. அவர்களுக்கும் ஒரு வருஷம் போய்விட்டதே, எப்படிப் பேசுவார்கள்? பேராசிரியருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நான்தான் சரின்னு சொல்லிட்டேனேம்மா. அதோட விட்டிருக்கலாமே. உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க தப்புன்னு சொல்லுவீங்கன்னுதான் மாமா நெனச்சேன். சொல்லியிருந்தா வீட்டுக்குப் போயி உங்களைத் திட்டித் தீத்திருப்பேன், அவ்வளவுதான். நீங்க சரின்னு சொன்னதும்தான் எனக்குப் பயம் வந்துச்சு. நீங்களே விட்டுட்டா, அப்புறம் என்னை யார் தடுப்பாங்க?"