எதுவரைக்கும் சொன்னேன்?

ஓட்டப்பிடாரம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு முதல் பெண் தலைவர் என் மனைவி வேலுத்தாய். 1997 சுதந்திர தினத்தன்று கூடிய கிராம சபையில், கண்மாயைத் தூர்வாருவது பற்றிப் பேச எழுந்தாள். மேற்குக் கரையில் தொடங்கி, எங்கெங்கே மண் மேவிக் கிடக்கிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாதியில் முன்னாள் தலைவர் சீனிப்பாண்டி எழுந்தார். “ஏ வன்னியபெருமாளு, பொம்பளையப் பேசவிட்டுட்டு நீ என்னத்துக்கு உக்காந்திருக்க? நீ சொல்லுப்பா.”

கூட்டம் சிரித்தது. நான் எழவில்லை. “தலைவர் அவதான் மாமா. அவ சொன்னாத்தான் எனக்கே தெரியும்” என்றேன்.

ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். சத்தம் அடங்கியபோது, எந்த இடத்தில் விட்டோம் என்பது வேலுத்தாய்க்கு மறந்துவிட்டது. அவள் அதை மறைக்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி, “எதுவரைக்கும் சொன்னேன்?” என்று கேட்டாள்.

“கெழக்கு மடை வரைக்கும் சொல்லிட்ட தாயி. மேல சொல்லு!”

சொன்னது சீனிப்பாண்டியின் மனைவி குருவம்மாள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

வேலுத்தாய் கிழக்கு மடையிலிருந்து தொடர்ந்தாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கத் தீர்மானம் நிறைவேறியது. சீனிப்பாண்டியும் மெல்லக் கை தூக்கினார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளை நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். நான் சைக்கிளைப் பிடித்தபடி காத்து நின்றேன். அப்படிக் காத்து நிற்பது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.