அமல்தார் வீட்டுச் சாக்கடை

ஓய்வுபெற்ற அமல்தார் திருநாராயண ஐயங்காருக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசத்தான் வரும். தாலுகா அதிகாரியாகப் பதவியிலிருந்தபோது ஏரிக்கரைகளைக் குதிரை மேல் உட்கார்ந்தே பார்வையிட்டவர். ஓய்வுக்குப் பிறகு மைசூர் அக்ரஹாரத்தில் வீடு கட்டிக்கொண்டு, சாயங்காலமானால் சரிகைத் தலைப்பாகையோடு ஏதாவது ஒரு சபையில் எழுந்து நின்றுவிடுவார். “நம் பெரியவர்கள் குளத்தைத் தெய்வமாகக் காத்தார்கள். வீட்டுக்குக் குழாய் வந்ததும் இளைய தலைமுறை அதை மறந்துவிட்டது” என்று சொல்லும்போது அவர் கண் கலங்கும். உண்மையாகவே கலங்கும். அதுதான் மருமகள் செலுவம்பாவுக்குப் பொறுக்காது.

ஏனென்றால் அவர் வீட்டுச் சாக்கடை குளத்தில்தான் விழுந்தது. குளித்த தண்ணீர், மாட்டுக்கொட்டில் கழுவிய தண்ணீர், எச்சில் பாத்திரம் தேய்த்த தண்ணீர் எல்லாம் மதிலுக்கு அடியில் புகுந்து, மழைநீர் குளத்துக்குப் போகும் கால்வாயில் கலந்தன. பெரிய மனிதரே செய்கிறாரே என்று தெருவில் மற்றவர்களும் அப்படியே வழி வெட்டிக்கொண்டார்கள். குளம் பாசி பிடித்து நாறியது. எருமைகூட வாய் வைக்கவில்லை.

செலுவம்பா மேல்கோட்டையில் பிறந்தவள். அங்கே கோடையில் தெருப் பெண்கள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கிச் சேறு அள்ளுவார்கள். மழைக்கு முன் செய்துவிட வேண்டிய வேலை, அவ்வளவுதான். அதற்கு யாரும் கண் கலங்கியதில்லை. மாமனாருக்குத் தலை குனிந்து பரிமாறும்போதெல்லாம், இவர் கை அலம்பும் தண்ணீர் எங்கே போகிறது என்றே அவள் நினைப்பு ஓடும். வாய் திறந்ததில்லை.

அந்த வருஷம் பங்குனியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தீர்த்த விழா நடத்த வேண்டும். பெங்களூரிலிருந்து ஒரு ஜட்ஜ் தலைமை தாங்க வருவார். அக்ரஹாரத்துக் குழந்தைகள் குளக்கரையில் நின்று சுலோகம் சொல்ல வேண்டும்.

“ஏம்மா செலுவம்பா, நீதான் அதுகளுக்குச் சொல்லிக்கொடுக்கணும். குளத்தை எப்படிப் பரிபாலனம் பண்றதுன்னு அதுகளுக்குத் தெரிய வேண்டாமா?”

“பரிபாலனத்தைச் சொல்லிக்கொடுக்கறதா, சுலோகத்தையா மாமா?”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா!”

“சரி மாமா” என்றாள். அனுமதி கிடைத்துவிட்டது.

மறுநாள் குழந்தைகளைக் கூடையும் மண்வெட்டியுமாகக் கால்வாய்க்குள் இறக்கினாள். அடுத்த வீட்டு வத்ஸலா, தாவணிகூடப் போடாத பெண், முழங்கால் சேற்றில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“சீ, என்ன மன்னி இப்படி நாறறது? ஹூளா இது?”

“ஹூளு நாறாதுடி. அது வெறும் வண்டல். இது நம்ம எல்லாராத்துச் சாக்கடை.”

அதன்பின் குழந்தைகள் சும்மா இருக்கவில்லை. கால்வாயோரமாகவே நடந்து, ஒவ்வொரு ஓட்டையும் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். “இது உங்காத்துது!” “போடி, அது உங்காத்துது!” என்று சண்டை மூண்டது. வத்ஸலா வீட்டுக்குப் போய், சாக்கடையைத் திருப்பும்வரை சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பா திட்டிக்கொண்டே தண்ணீரைக் கொல்லை வாழைக்குத் திருப்பினார். அக்ரஹாரத்துப் பெண்கள் சேற்றில் இறங்கலாமா என்று முணுமுணுத்த வீடுகளும், குழந்தைகளின் வாய்க்குப் பயந்து ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன.

“மன்னி, உங்காத்துது மட்டும்தான் பாக்கி” என்றாள் வத்ஸலா. செலுவம்பாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

அன்று சாக்கடையைத் திருப்பச் சொல்லி மாமனாரிடம் கேட்டாள்.

“ஜட்ஜ் வர்ற சமயத்துல முற்றத்தைத் தோண்டறதா? விழா முடியட்டும், பார்க்கலாம்” என்றார். பிறகு கண்ணாடி முன் நின்று பிரசங்கத்தை ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்.

விழா அன்று காலை செலுவம்பாவும் குழந்தைகளும் மதிலுக்கு வெளியே அந்த ஓட்டையில் கல்லை வைத்துக் களிமண்ணால் பூசி அடைத்தார்கள். உள்ளே வந்த விருந்தாளிகள் குளித்தார்கள், சாப்பிட்டார்கள், கை அலம்பினார்கள். கொட்டிலையும் கழுவிவிட்டார்கள். ஜட்ஜ் ஜமக்காளத்தில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது, முற்றம் நிரம்பி, தண்ணீர் சாணியும் பருக்கையுமாகக் கூடத்துக்குள் ஏறியது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

“யார் அடைச்சது?” என்று ஐயங்கார் கத்தினார்.

“நான்தான் மாமா. நீங்க சொன்னபடியே, குழந்தைகள் சுலோகம் சொல்லிண்டே அடைச்சா.”

“இந்தத் தண்ணி இதுவரைக்கும் எங்கே போயிண்டிருந்தது?” என்றார் ஜட்ஜ்.

ஐயங்கார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். வாசலில் நின்ற வத்ஸலாதான், “குளத்துக்கு” என்றாள். ஜட்ஜ் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

பெங்களூர் ஆபீசிலிருந்து செலுவம்பாவின் கணவன் ஓடி வந்தான். “அப்பாவை இப்படி அவமானப்படுத்திட்டியே!”

“அழுக்கு குளத்துக்குப் போனப்போ யாருக்கும் அவமானமா இல்லே. கூடத்துக்கு வந்ததும்தான் அவமானமா?”

அவன் சாப்பிட்டான், அப்பா கால் பிடித்துவிட்டான், அடுத்த ரயிலில் திரும்பினான். அன்றிலிருந்து கணவனைப் பற்றியும் அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் மிச்சமில்லை.

சாக்கடை கொல்லைக்குத் திரும்பியது. கூடம் நாறியதால் திரும்பியது, குளத்துக்காக அல்ல. ஆனால் வைகாசியில் நடந்த அடுத்த சபையிலேயே ஐயங்கார் எழுந்து, “முதலில் என் இல்லத்திலிருந்தே தொடங்கினேன்” என்றார். கண் கலங்கியது. கூட்டம் கை தட்டியது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த செலுவம்பா கையை மடியில் வைத்துக்கொண்டு, தட்டுகிறவர்களின் முகங்களைப் பார்த்தாள். அத்தனை பேர் வீட்டு ஓட்டையும் அவளுக்குத் தெரியும். அவர்கள் மீது கோபப்படுவதுகூட வீண் என்று தோன்றியது.

மழை வந்தது. கால்வாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக் குளத்தில் விழுந்தது. குழந்தைகள் நனைந்துகொண்டு அதன் கூடவே ஓடினார்கள்.

அடுத்த கோடையில் அவர்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்களே கூடையோடு வந்து செலுவம்பாவை வாசலில் நின்று அழைத்தார்கள். சின்னதுகளுக்கு எங்கே வெட்ட வேண்டும், சேற்றை எங்கே கொட்ட வேண்டும் என்று வத்ஸலா காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஐயங்கார் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வைக்கு வந்து, கரையில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

“மாமா, வழியில நிக்கறேள். கூடை வர்றது, கொஞ்சம் தள்ளிக்கோங்கோ” என்றாள் வத்ஸலா.

அவர் தள்ளி நின்றார். செலுவம்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த கூடையை நிரப்பினாள்.