ஒற்றைக் கோட்டால் அடித்த மோதிரம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை மறைக்க எனக்குத் தெம்பில்லை. பகல் முழுக்கக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் நான். நாற்பது தாண்டித்தான் எழுத்துப் படித்தேன். படித்த எழுத்தை வைத்து என் மச்சான் வாயை அடைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. வீட்டில் அவனுக்குப் பெயர் தபால்பெட்டி. யார் எதைப் போட்டாலும் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வான். அவன் ஊருக்கெல்லாம் அனுப்பிய மெயில் இது: "வியாழக்கிழமை யாரும் பெட்ரோல் போடாதீர்கள். ஒரே நாளில் விலை சரியும். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்."

என் மனைவிக்குப் பெட்ரோல் பங்கில் வேலை. வியாழக்கிழமை போடக் கூடாதல்லவா, அதனால் ஊரே புதன்கிழமை வந்து வரிசை கட்டியது. தண்ணீர் குடிக்கக்கூட நகர முடியாமல் நின்றாள். வெள்ளிக்கிழமை விலை ஏறியது. அதற்கும் அவளுக்குத்தான் திட்டு.

"ஏம்மா, மனசாட்சி இருக்கா? நேத்து ஒரு விலை, இன்னைக்கு ஒரு விலையா?"

"நான் போர்டுல நம்பரைத்தான் சார் மாத்துறேன். விலைய மாத்துற ஆளு இந்தப் பக்கம் வந்தா நிறுத்தி வைக்கிறேன், நீங்களும் வாங்க. சேர்ந்தே கேப்போம்."

2

முதலில் எழுதிய தொடக்கம்:

[ஒரு பெட்ரோல் பங்கில் ஒருத்தி மோதிரம் போட்டிருந்தாள். மோதிரத்துக்குள் காந்தம். பைப்பைப் பிடிக்கும்போது விரலை லேசாக மடக்குவாள். மீட்டர் ஓடும், பெட்ரோல் ஓடாது.] (அடித்தது.)

எதைச் சொன்னாலும் நம்புகிறார்களே என்று கிண்டல் செய்யத்தான் எழுதினேன். அப்படி ஒரு மோதிரம் கிடையாது. அடித்ததற்குக் காரணம் வேறு. மோதிரம் என்று எழுதும்போது என் கண்ணில் இருந்தது என் மனைவியின் விரல். கட்டைவிரல் மை இல்லாமல், கையெழுத்துப் போட்டு நான் முதன்முதலாகச் சம்பளம் வாங்கிய அன்று வாங்கித் தந்த மோதிரம் அது. அதைப் போட்டவளைத் திருடியாக்கக் கை வரவில்லை.

(அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு ஒவ்வொரு எழுத்தும் மூட்டையைவிடக் கனம். பாடுபட்டு எழுதியதைக் கிறுக்கி மறைக்க மனசு வராது. மெல்லிசாக ஒரே ஒரு கோடு போடுவேன். அடித்த பிறகும் படிக்கலாம். கதை கவிழ்ந்தது அந்தக் கோட்டில்தான்.)

இரண்டாவது தொடக்கம்: [பெட்ரோல் விலை ஏறிய அந்தக் காலையில் வானம் சாம்பல்—]

வானத்துக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்? விட்டுவிட்டேன். வியாழக்கிழமை மெயிலையே தொடக்கமாக வைத்து எழுதி முடித்தேன்.

3

டைப் செய்து தருகிறேன் என்று தாள்களை வாங்கிப் போனவன் தபால்பெட்டி. அவனைத் திட்டி எழுதியதை அவனிடமே கொடுத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பங்கில் ஒரு வண்டிக்காரர் என் மனைவியிடம் சொன்னார்:

"கையை நீட்டு."

"எதுக்கு சார்? ஜீரோ பாத்துக்கோங்க, போடுறேன்."

"ஜீரோவெல்லாம் அப்புறம். இதோ பாருங்கய்யா, மோதிரம்! மெயில்ல அப்படியே போட்டிருக்கான்!"

பின்னால் நின்றவரும் அதே மெயிலைப் படித்திருந்தார். அவருக்குப் பின்னால் நின்றவரும். கழற்றச் சொன்னார்கள். எங்கே கழற்றுவது? பைப் பிடித்துப் பிடித்து விரல் தடித்து, மோதிரம் சதையில் புதைந்து கிடக்கிறது. இழுத்தாள். தோல்தான் சிவந்தது. "பாத்தீங்களா, நடிக்கிறா" என்றார்கள்.

முதலாளி தனியாகக் கூப்பிட்டார். "நீ நல்ல பொண்ணுதான்மா. ஆனா நாளைக்கு மோதிரத்தோட வந்தா அப்படியே திரும்பிப் போயிடு."

4

மச்சானைப் பிடித்தேன்.

"கதைய ஏன்டா மெயில்ல விட்ட?"

"முழுசா விடல மாமா. முழுக்க என்னைத்தானே திட்டியிருக்கீங்க, அதை யாரு படிப்பா? அடிச்சு வச்சிருந்தீங்களே, அதுதான் விறுவிறுப்பா இருந்துச்சு."

"அடிச்சா வேணாம்னு அர்த்தம்டா!"

"நல்லா படிக்க முடிஞ்சுதே."

"மேல 'உண்மைச் சம்பவம்'னு போட்டது யாரு?"

"அது இல்லாம எவன் மாமா திறந்து பாப்பான்?"

"உங்க அக்கா மோதிரம்டா அது!"

"அக்கா பேரு போடலையே. பங்க் பேருகூட போடலையே."

"அதனாலதான்டா ஊர்ல உள்ள அத்தனை பங்க்லயும் கை நீட்டச் சொல்றானுங்க!"

முகம் சுருங்கிப்போய் மறுப்பு அனுப்பினான்: "அது வெறும் கதை. நம்ப வேண்டாம்." அதைப் பத்துப் பேருக்கு அனுப்பியவர் ஒருவருமில்லை. ஒரே ஒரு பதில் வந்தது: "பங்க்காரன் எவ்வளவு கொடுத்தான்?"

5

முடிவுகள்.

[நகைப் பட்டறையில் மோதிரத்தை வெட்டி எடுக்கிறாள். வெறும் விரலோடு வேலைக்குப் போகிறாள். "மாட்டிக்குவோம்னு கழட்டிட்டா" என்கிறார்கள்.] அடித்தது.

[எல்லார் முன்னாலும் அளவு கேனில் பிடித்துக் காட்டுகிறாள். ஒரு சொட்டும் குறையவில்லை. "கேனும் பங்க்காரனோடதுதானே" என்கிறார்கள்.] அடித்தது.

[தபால்பெட்டி கூட்டத்தின் நடுவில் நின்று, தப்பு என்னுடையது என்கிறான். அதற்குள் அவனுக்கு வேறொரு மெயில்—] சே.

இன்று காலை அவள் குழாயடியில் சோப்பு நுரையோடு விரலைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் தாளோடு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன எழுதியிருக்கீங்க? வெட்டிட்டேனா, வெட்டலையா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"நீங்க எழுதினதை ஊரு படிக்கல. அடிச்சதைப் படிச்சுட்டு என் விரலைப் பிடிச்சுத் தொங்குது. இதுல முடிவு வேற நீங்களே பண்ணப் போறீங்களா?" கையைத் துடைத்தாள். சீருடைச் சட்டையை மாட்டினாள். "பாத்து மெதுவா எழுதுங்க. நான் போய்ட்டு வரேன்."

தெரு முனையில் இடது பக்கம் நகைப் பட்டறை. வலது பக்கம் பங்க். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுதிவிடுவேன்.

இரண்டாம் பகுதியை இந்தத் தடவை கோடு போடாமல் கிறுக்கியே மறைத்துவிடலாம் என்று பேனாவை அழுத்தினேன். என்ன பிரயோஜனம்? நீங்கள்தான் படித்துவிட்டீர்களே. காந்தம், விரல், மீட்டர், எல்லாம் உங்கள் தலைக்குள் போயாகிவிட்டது. அங்கே என் பேனா எட்டாது. அடிப்பதென்றால் நீங்கள்தான் அடிக்க வேண்டும்.

அடுத்த தடவை வண்டியை நிறுத்துவீர்கள். அவளோ, அவளைப் போல இன்னொருத்தியோ பைப்பை எடுத்துக்கொண்டு, "ஜீரோ பாத்துக்கோங்க" என்பாள்.

எங்கே பார்ப்பீர்கள், மீட்டரையா, விரலையா?